இருபக்கமும் போடுகிற ஜெர்கின்: துணி எடுப்பதிலிருந்து காஜா வரை

முதலில் பெயர்த் தகராறைத் தீர்த்துவிடுவோம். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் ஏறி, "ரெண்டு பக்கமும் போடுற மாதிரி ஜாக்கெட் தைக்கணும், துணி காட்டுங்க தம்பி" என்றேன். அந்தத் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டூ பை டூ துணியில் பத்து நிறம் எடுத்து விரித்தார். "ஒரு மீட்டர் எதுக்குக்கா, 80 சென்டி போதும்" என்று அறிவுரை வேறு. தப்பு அவர்மேல் இல்லை. நம்மூரில் ஜாக்கெட் என்றால் ரவிக்கைதான். குளிருக்குப் போடுவதை ஜெர்கின் என்று கேளுங்கள், அரைமணி நேரம் மிச்சமாகும். இந்தக் கட்டுரையிலும் ஜெர்கின் என்றே எழுதுகிறேன்.

மதுரை வெயிலுக்கு எதற்கு ஜெர்கின் என்று எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டாகிவிட்டது. தங்கைக்குக் கொடைக்கானலுக்கு மாற்றல். சாயங்காலமானால் சால்வை தேடுகிற ஊர். ஒரே ஜெர்கினைத் திருப்பித் திருப்பிப் போட்டால் இரண்டு வைத்திருப்பது மாதிரி, பெட்டியிலும் இடம் மிச்சம் என்பது அவள் கணக்கு. தைக்கப்போவது நான் என்பதால் கணக்கு அவளுக்குச் சுலபமாக வந்தது.

இருபது வருடமாக பிளவுஸும் சுடிதாரும் தைத்த தைரியத்தில் இறங்கினேன். ஒரு துணி முழுசாகப் பாழ். இரண்டாவதுதான் உருப்பட்டது. காரணம் இதுதான்: நாம் தையல் கற்றதே உள்பக்கத்தை நம்பித்தான். பிசிறு, முடிச்சு, ஓவர்லாக் (பிசிறை அடக்க ஓரத்தில் அடிக்கும் தையல்), சாக் கோடு, நிறம் பொருந்தாத பாபின் நூல் (மிஷினின் அடிநூல்) என்று எல்லாக் குற்றத்தையும் உள்ளே தள்ளிவிடுவோம். இதில் உள்ளே என்று ஓர் இடமே கிடையாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த ஒரு சிக்கலைச் சமாளிக்கத்தான்.

பிளவுஸ் அளவுக்காவது மிஷின் ஓட்டத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். இப்போதுதான் பழகுகிறீர்கள் என்றால் இரண்டு தலையணை உறை தைத்துவிட்டு வாருங்கள்.

1. துணி எந்த வகை என்று விரலால் பாருங்கள்

"டபுள் சைடு" என்ற ஒரே பெயரில் கடையில் நான்கு விதமான துணி வருகிறது. நான்குக்கும் தைக்கும் முறை வேறு. கடைக்காரர் சொல்வதை நம்பாமல் வெட்டு விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து எதிரெதிராகத் தேய்த்துப் பாருங்கள்.

இரண்டு அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்று லேசாக நழுவினால் அது நெசவிலேயே இரட்டையான துணியாகவோ, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த குவில்ட் துணியாகவோ இருக்கும். குவில்ட் என்றால் கட்டம் கட்டமாகவோ வரி வரியாகவோ தையல் ஓடியிருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். நெசவு இரட்டை என்றால் விளிம்பில் ஊசியை விட்டு நெம்புங்கள். அடுக்குகள் பிரியும், நடுவில் அங்கங்கே மெல்லிய இணைப்பு நூல் மட்டும் பிடித்திருக்கும்.

நழுவவே இல்லை என்றால் நகத்தால் பிரித்துப் பாருங்கள். பிசினோடு பிரிந்தால் ஒட்டுத்துணி. பிரியவே இல்லை என்றால் ஜக்கார்டு, அதாவது ஒரே நெசவில் முன்னும் பின்னும் நிறம் மாறி வருவது. வீட்டில் சோலாப்பூர் போர்வை இருந்தால் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கம் சிவப்பில் வெள்ளைப் பூ, மறுபக்கம் வெள்ளையில் சிவப்புப் பூ. அந்த வித்தைதான்.

நான் முதலில் வாங்கியது ஒட்டுத்துணி. வாங்கும்போது தெரியாது. தோளும் கையும் மூட்டி, தையலைப் படிய வைக்கலாமென்று இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். பசை இளகி மேல்துணி அப்பளம் மாதிரி கொப்புளித்தது. மறுநாள் கடைக்குக் கொண்டு போனால், "கட் பீஸ் மாத்த மாட்டோம்னு பில்லுலயே போட்டிருக்கே" என்றார்கள். போட்டுத்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. ஒட்டுத்துணியை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு ஜாண் துண்டு கேட்டு வாங்கி, நனைத்துக் காயவைத்து, சூட்டில் வைத்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

முதல்முறை தைப்பவர்களுக்கு என் சிபாரிசு மெல்லிய பஞ்சு வைத்த காட்டன் குவில்ட். இரண்டு முகமும் காட்டனாக இருக்கட்டும். நான் எடுத்தது ஒரு முகம் கருநீலம், மறுமுகம் மஞ்சளில் பொடிப்பூ. இனிமேல் நீல முகம், மஞ்சள் முகம் என்றே சொல்கிறேன்.

2. எங்கே, எப்போது, எவ்வளவு

மீட்டர் துணிக்கு விளக்குத்தூண், பத்துத்தூண் சந்து, தெற்கு மாசி வீதி என்று ஒரு சுற்று வந்தால் போதும். பட்டன், நூல், ஊசி, நாடா எல்லாம் புது மண்டபத்தில்தான் வாங்குவோம் என்று பழகியவர்கள் கவனியுங்கள், அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

நேரம் முக்கியம். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம். துணியை விரலால் தேய்த்துப் பார்க்க யாரும் விடமாட்டார்கள். சித்திரைத் திருவிழாத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் தேர்தான் ஓடும், வண்டி ஓடாது. ஆடித் தள்ளுபடியில் குவில்ட் துண்டுகள் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் மாற்றித் தரமாட்டார்கள், அளவும் குறைவாக இருக்கும். ஒரு வாரநாளில் காலை பதினொன்றரைக்குள் போய்விடுங்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டு முகத்தின் நிறத்தையும் வாசலுக்கு எடுத்துவந்து பார்க்கலாம்.

எத்தனை மீட்டர் என்பது துணியின் அகலத்தைப் பொறுத்தது. கடைக்காரர் அதைப் பன்னா என்பார். மார்பு 36, உயரம் 26 அங்குலத்துக்கு 44 பன்னா துணி என்றால் இரண்டேகால் மீட்டர், 58 பன்னா என்றால் ஒன்றரை மீட்டர். சுருங்குவதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஓரப்பட்டிக்கு மெல்லிய காட்டன் அரை மீட்டர் தனியாக எடுங்கள். பட்டியின் நிறம் இரண்டு முகத்துக்கும் சேரவேண்டும். நான் மெரூன் எடுத்தேன்.

பில் விஷயத்தில் சோம்பல் படாதீர்கள். பன்னா, மீட்டர், காட்டனா பாலியஸ்டரா என்ற மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டி பில்லோடு பின் அடித்து வையுங்கள். துணி பற்றாமல் மறுபடி ஓட நேர்ந்தால் அந்தத் துண்டு இல்லாமல் அதே நீலத்தை யாராலும் எடுத்துத் தரமுடியாது. அடுத்த தானில் சாயம் ஒரு பொட்டு மாறித்தான் இருக்கும்.

3. எனக்கு ஆன செலவும் நாளும்

இரண்டாவது முறைக்கான கணக்கு இது. குவில்ட் துணி மீட்டர் 340 வீதம் 765 ரூபாய். பட்டித் துணி 60. மூன்று நிற நூல் 60. ஊசி ஒரு பாக்கெட் 40. பட்டன் பதினான்கு, 70 ரூபாய். காஜா, அதாவது பட்டன் துளை, ஆறு, 30 ரூபாய். பிரவுன் பேப்பர் 10. மொத்தம் 1,035 ரூபாய். முதல் துணியில் போன 700 ரூபாயை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் வீட்டில் படித்துவிடுவார்கள்.

நாள்: நனைத்துக் காய இரண்டு நாள். பேப்பர் போட்டு வெட்ட ஒரு மதியம். பாக்கெட் ஒரு சாயங்காலம். மூட்டுத் தையல்கள் ஒரு முழுநாள். பட்டியை மிஷினில் பிடிக்க ஒரு சாயங்காலம், கையால் ஹெம்மிங் பண்ண இரண்டு இரவு. காஜாவுக்கு ஒரு நாள், பட்டனுக்கு ஓர் இரவு. வேறு வேலை பார்த்துக்கொண்டே செய்தால் பத்துப் பன்னிரண்டு நாள். ஊருக்குக் கிளம்பும் தேதி தெரிந்தால் அதிலிருந்து மூன்று வாரம் பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள்.

4. நனைக்காமல் கத்தரி வைக்காதீர்கள்

காட்டன் மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை சுருங்கலாம். குவில்ட்டில் இரண்டு முகமும் நடுப்பஞ்சும் ஒரே மாதிரி சுருங்காது. தைத்தபிறகு சுருங்கினால் ஒரு முகம் இழுத்துக்கொண்டு மறுமுகம் சுருக்கம் விழும்.

அதற்கு முன்னால் ஓர் ஓரத்தை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையால் தேயுங்கள், இரண்டு முகத்திலும். சாயம் ஒட்டினால் அந்தத் துணி இருபக்க ஜெர்கினுக்கு ஆகாது. முதல் அலசலிலேயே நீலம் போய் மஞ்சளில் இறங்கும். ஒட்டவில்லை என்றால் முழுத்துணியையும் தண்ணீரில் இரண்டு மணிநேரம் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயப்போடுங்கள். நம்மூர் மாடி வெயில் ஒரே மதியத்தில் கருநீலத்தை வெளுக்கவைக்கும். ஐப்பசி மழையில் என்றால் ஃபேனுக்குக் கீழே இரண்டு நாள். பஞ்சில் ஈரம் தங்கினால் நாற்றம் போகாது.

5. அளவுச் சீட்டும் பேப்பரும்

டார்ட் (வடிவத்துக்காகத் துணியைக் கூம்பாகப் பிடித்துத் தைப்பது) வைத்த, உடம்போடு பிடிக்கிற மாதிரி எதுவும் வேண்டாம். டார்ட்டின் பின்பக்கக் கூம்பை ஒளிக்க இடமில்லை. தோள் இறங்கிய, நேரான கட்டம்தான் நமக்குச் சரி. தங்கையின் அளவையே உதாரணமாகச் சொல்கிறேன்.

மார்பு 36. இதற்கு 8 அங்குலம் தளர்வு கூட்டுங்கள். பிளவுஸ் தைத்த கைக்கு 8 கூட்ட மனசு வராது. ஆனால் பஞ்சு உள்ளுக்குள் இடத்தைத் தின்னும், உள்ளே ஸ்வெட்டரும் போடுவார்கள். ஆக 44. முதுகு அகலம் 22, முன்பக்கம் ஒவ்வொன்றும் 11, அதோடு பட்டன் ஒன்றின்மேல் ஒன்று ஏற 1 அங்குலம். உயரம் 26. கைக்குழி 9½. கையின் மேல் அகலம் அதற்கு இரண்டு மடங்கு, 19. மணிக்கட்டில் 11.

கை நீளத்தில்தான் நான் இரண்டாவது முறையும் தடுமாறினேன். தோள்முனையிலிருந்து மணிக்கட்டு வரை 22 அங்குலம் என்று அளந்து அப்படியே பேப்பரில் போட்டுவிட்டேன். அவள் தோள் அகலம் 14½, ஜெர்கின் முதுகோ 22. அதாவது இரண்டு பக்கமும் 3¾ அங்குலம் ஏற்கெனவே கைமேல் இறங்கி நிற்கிறது. அதைக் கழித்தால் 18¼, தாராளமாக 19 போதும். நல்லவேளை, பேப்பரிலேயே பிடித்துவிட்டேன். இல்லாவிட்டால் விரல் தெரியாமல் ஆடும் கையோடு மலைக்குப் போயிருப்பாள்.

தையலுக்கு எங்கே விடுவது, எங்கே விடக்கூடாது என்பதைப் பேப்பரிலேயே எழுதிவிடுங்கள். தோள், பக்கவாட்டு, கைக்குழி, கையின் அடித்தையல் ஆகிய மூட்டுகளில் ஆறு நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்), அதாவது முக்கால் அங்குலம். கழுத்தில் இரண்டு நூல். முன் ஓரம், கீழ் ஓரம், மணிக்கட்டு, பாக்கெட் வாய் ஆகிய இடங்களில் ஒன்றுமே விடவேண்டாம், அங்கே பட்டி போட்டு மூடப்போகிறோம். பழக்கத்தில் கீழே ஓர் அங்குலம் மடிக்க விட்டீர்கள் என்றால் ஜெர்கின் ஓர் அங்குலம் நீளும்.

சீட்டில் யாருடைய அளவு, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி பில்லோடு வையுங்கள்.

6. வெட்டு

ஃபேனை நிறுத்துங்கள். மே மாதம் என்றாலும் நிறுத்தத்தான் வேண்டும், பேப்பர் பறந்தால் கோடு கோணும். வியர்வை துணியில் சொட்டாமல் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கனத்த துணியை மடித்து வைத்து வெட்டக்கூடாது. மேல்மடிப்பு ஓர் அளவும் கீழ்மடிப்பு ஓர் அளவுமாக வரும். ஒற்றையாக விரித்து, ஒவ்வொரு பாகமாக வெட்டுங்கள். முதுகு ஒன்று, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு, 2 அங்குல அகலத்தில் காலர் ஒன்று, பாக்கெட்டுக்கு இரண்டு (பிறகு அடுக்கைப் பிரித்தால் நான்காகும்).

ஒரு பொறி இங்கே இருக்கிறது. முன்பக்கம் ஒன்றை வெட்டியபிறகு பேப்பரைத் திருப்பிப் போட்டு அடுத்ததை வெட்டவேண்டும். சாதாரணத் துணியில் திருப்ப மறந்தால் உடனே தெரிந்துவிடும், இதில் தெரியாது. இரண்டு முகமும் நல்ல முகம் என்பதால் துண்டைப் புரட்டினால் சரியாகத்தான் பொருந்தும். மூட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தால் ஒரு முன்பக்கம் நீலம், மற்றது மஞ்சள். சில பேருக்கு அது பிடிக்கவும் செய்யும். பிடிக்காதவர்கள் வெட்டிய உடனே ஒவ்வொரு துண்டின் நீல முகத்திலும் வெள்ளை நூலால் இரண்டு ஓட்டுத்தையல் போட்டு அடையாளம் வையுங்கள், கடைசியில் பிரித்துவிடலாம்.

சாக் கட்டி மட்டும்தான். பேனா, கார்பன் தாள், மெழுகு சாக் எதுவும் வேண்டாம். முதலில் ஒரு துண்டில் கோடு போட்டு, தட்டினால் போகிறதா பாருங்கள்.

7. மிஷினைத் தயார் செய்வது

ஊசி 16 நம்பர். வீட்டு மிஷினுக்கா பவர் மிஷினுக்கா என்று கடையில் கேட்பார்கள். வீட்டு மிஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மிஷின் ஊசி முழு உருண்டை. மாற்றி வாங்கினால் பொருந்தாது.

தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்குக் கூட்டுங்கள். மிஷின் பாதத்தின் அழுத்தத்தை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். இறுக்கி வைத்தால் மேல்முகம் முன்னால் தள்ளிக்கொண்டு போய், கடைசியில் அரை அங்குலம் மிஞ்சி நிற்கும். பழைய கறுப்பு மிதி மிஷின் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கனத்த மூட்டு வரும் இடத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு தையலாக ஏற்றலாம், என் மோட்டார் மிஷின் அங்கே உறுமிவிட்டு நின்றுவிட்டது.

மேலே நீலம் இருந்தால் மேல்நூல் நீலம், பாபினில் மஞ்சள். டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், சரியில்லை என்றால் நீலத்தில் மஞ்சள் புள்ளி புள்ளியாக எட்டிப்பார்க்கும். மிஞ்சிய துண்டில் ஓட்டி, இரண்டு முகத்தையும் வெளிச்சத்தில் பார்த்து, புள்ளி மறையும்வரை திருகுங்கள். இதற்கு எனக்கு ஒரு மணிநேரம் ஆனது. அந்த ஒரு மணிநேரத்தைக் குறைக்க வழி தெரியவில்லை.

தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னும் ஓட்டி இறுக்குகிற பழக்கத்தை இங்கே விடுங்கள், இரண்டு முகத்திலும் கட்டி மாதிரி தெரியும். நூலை நீளமாக விட்டு, கை ஊசியில் கோத்து, இரண்டு முகத்துக்கும் நடுவே பஞ்சுக்குள் ஓர் அங்குலம் ஓட்டி வெட்டிவிடுங்கள்.

8. பாக்கெட்டை முதலில் தையுங்கள்

உடம்பு மூட்டுவதற்கு முன், முன்பக்கம் தட்டையாக இருக்கும்போதே பாக்கெட். நீல முகத்தில் ஒன்று, அதற்கு நேர் பின்னால் மஞ்சள் முகத்தில் ஒன்று. இரண்டையும் ஒரே தையல் பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு பாக்கெட்டின் தையல் மறுமுகத்தில் காரணமில்லாமல் ஒரு கட்டமாக ஓடும்.

எப்படி என்றால், பாக்கெட் துண்டுகளை ஒற்றை அடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள். குவில்ட்டைப் பிரித்து பஞ்சை எடுத்துவிட்டால் நீலத்துணி தனியாக, மஞ்சள்துணி தனியாக வரும். விளிம்பை உள்ளே மடித்து, நீலப் பாக்கெட்டை 6½ அங்குல அகலத்துக்குப் படியவையுங்கள். மஞ்சள் பாக்கெட்டை மூன்று பக்கமும் ஒரு நூல் பெரிதாக வையுங்கள். இரண்டையும் கையால் ஓட்டுத்தையல் போட்டு நிறுத்தி, நீல முகத்திலிருந்து விளிம்பை ஒட்டி மிஷின் ஓட்டினால், ஒரு நூல் பெரிதாக இருப்பதால் கீழே மஞ்சள் பாக்கெட்டும் தப்பாமல் மாட்டும். இரண்டையும் ஒரே அளவில் வைத்தபோது நான் மூன்று தரம் பிரித்தேன். குவில்ட்டில் ஊசித்துளை நிற்கும், நாலாவது தரம் பிரிக்க அங்கே துணி இருக்காது.

9. மூட்டுத் தையல்

ஜீன்ஸ் பேன்ட்டின் பக்கத்தையலைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பிசிறு இருக்காது. அதே மடிப்புத் தையல்தான் இங்கே.

முதலில் மூட்டு ஓரங்களில் அந்த ஆறு நூல் அகலத்துக்குக் குவில்ட் தையலைப் பிரித்து, பஞ்சை மட்டும் நறுக்கி எடுத்துவிடுங்கள். அலுப்பான வேலை, டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம். இதைச் செய்யாமல் மடித்தால் கைக்குழியில் விரல் பருமனுக்கு உருளும்.

இரண்டு துண்டையும் நீல முகம் நீல முகத்தோடு சேர வைத்து ஆறு நூலில் தையுங்கள். ஓர் ஓரத்தை இரண்டு நூலுக்கு நறுக்குங்கள். அகலமான மற்ற ஓரத்தை அதன்மேல் சுற்றி மடித்து, மஞ்சள் முகத்தில் படியவைத்து, மடிப்பின் ஓரத்தில் இரண்டாவது தையல். மடிப்பு எல்லா மூட்டிலும் மஞ்சள் முகத்திலேயே வரட்டும். தோளிலும் பக்கத்திலும் மடிப்பு முதுகுப் பக்கம் சாயட்டும்.

வரிசை: தோள் இரண்டும் மூட்டுங்கள். பிறகு கையை, இன்னும் குழாயாக்காமல், விரித்த கைக்குழியில் தட்டையாகவே பொருத்துங்கள். அதன்பிறகுதான் கீழ் ஓரத்திலிருந்து அக்குள் வழியாக மணிக்கட்டுவரை ஒரே ஓட்டமாகப் பக்கத்தையல். இரண்டாவது தையல் கைக்குழாய்க்குள் போகும்போது மிஷினில் சுருட்டிக்கொண்டு மாட்டும். கீழிருந்து அக்குள்வரை ஒரு தடவை, மணிக்கட்டிலிருந்து அக்குள்வரை ஒரு தடவை என்று இரண்டாகப் பிரித்து ஓட்டுங்கள். நடுவில் எட்டாத மூன்று நான்கு அங்குலத்தைக் கையால் ஹெம்மிங் செய்துவிடுங்கள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அக்குளில் நான்கு மூட்டும் சேரும் கட்டியைத் துணி போர்த்திச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஊசியை விடுங்கள்.

வெளியே தைக்கக் கொடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். டெய்லரிடம் "ஓவர்லாக் வேண்டாம், உள்பக்கமும் வெளியே தெரியும்" என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் கை பழக்கத்தில் ஓவர்லாக் அடித்துவிடும்.

நெசவிலேயே இரட்டையான துணி கிடைத்தவர்களுக்கு வழி வேறு, அழகும் வேறு. விளிம்பிலிருந்து 1¼ அங்குலம் தள்ளி மிஷினில் பெரிய தையலாக ஒரு கோடு ஓட்டுங்கள். அந்தக் கோடு வரை நடு இணைப்பு நூல்களைச் சின்னக் கத்தரியால் வெட்டி அடுக்குகளைப் பிரியுங்கள். நீல அடுக்குகளை மட்டும் மிஷினில் மூட்டி, தையலை விரித்து இஸ்திரி போடுங்கள். மஞ்சள் அடுக்குகளின் விளிம்பை உள்ளே மடித்து, ஒன்றோடொன்று முட்டவைத்து, மறைதையலாகக் கையால் சேருங்கள். கடைசியில் அந்தப் பெரிய தையலைப் பிரித்துவிடலாம். இதில் ஓரத்துக்குப் பட்டியும் வேண்டாம், இரண்டு அடுக்கையும் உள்நோக்கி மடித்துச் சேர்த்தால் போதும். வீட்டிலிருந்த இரட்டை நெசவுப் போர்வை ஒன்றின் ஓரத்தில் பழகிப் பார்த்தேன், ஒரு முழத்துக்கு முக்கால் மணிநேரம் ஆனது. பொறுமை இருந்தால் பாருங்கள்.

10. காலரும் பட்டியும்

காலரைக் கழுத்தோடு இரண்டு நூலில் மூட்டி, அந்தப் பிசிறின்மேல் மெரூன் பட்டியைத் தட்டையாக வைத்து மேலும் கீழும் தைத்துவிடுங்கள். மறுமுகத்தில் இரண்டு கோடு மட்டும் தெரியும்.

பட்டிக்குத் துணியைக் கிராஸாக, 45 டிகிரியில், 2 அங்குல அகலத்துக்கு வெட்டவேண்டும். நேராக வெட்டினால் கழுத்து வளைவில் படியாது. முன் ஓரம், கீழ் ஓரம், மணிக்கட்டு, காலர், பாக்கெட் வாய் எல்லாம் கூட்டினால் சுமார் நாலரை மீட்டர் நீளம் வரும். பாக்கெட் வாய்க்கு மட்டும் பாக்கெட்டை உடம்பில் வைக்கும் முன்பே பட்டி போட்டுவிடுங்கள். நான் மறந்துபோய், ஒட்டிய பாக்கெட்டின் வாயில் கையாலேயே முழுதும் தைத்தேன்.

முதல் தையலை மஞ்சள் முகத்தில் மிஷினில் போட்டு, பட்டியைச் சுற்றி நீல முகத்துக்குக் கொண்டுவந்து ஹெம்மிங் செய்யுங்கள். மிஷினிலேயே முடிக்கலாம்தான், ஆனால் மேலே பட்டி விளிம்பில் ஓடும் தையல் கீழே பட்டியில் விழாது, ஒரு நூல் தள்ளித் துணியில் விழும். பிளவுஸ் கழுத்துக்கு ஹெம்மிங் பண்ணிப் பழகிய கைக்கு நாலரை மீட்டர் பெரிய விஷயமில்லை. ஊசியை மேல் அடுக்கில் மட்டும் எடுத்து வையுங்கள், மறுமுகத்துக்குப் போகவேண்டாம்.

11. காஜாவும் பட்டனும்

இருபக்கமும் ஏறி இறங்கும் ஜிப் நான் போன கடைகளில் கிடைக்கவில்லை. சாதாரண ஜிப்பில் இழுப்பான் ஒரு முகத்தில்தான் இருக்கும். அதனால் பட்டன்.

காஜா கடைக்கு ஜெர்கினை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அதே துணி மிச்சத் துண்டும் எடுத்துப் போங்கள். முதலில் துண்டில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். சில மிஷினின் கத்தி பஞ்சை முழுசாக வெட்டாமல் மென்றுவிடும். அப்படி ஆனால் கையால் காஜா எடுப்பவரிடம் கொடுங்கள். காஜா நீளம் பட்டனின் அகலத்தோடு அதன் கனத்தையும் கூட்டி வரட்டும். பட்டியில் விழாமல் உள்ளே அரை அங்குலம் தள்ளிக் குறித்துக் கொடுங்கள். தீபாவளிக்கு முன்னாலும், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்திலும் காஜாக் கடையில் உங்கள் ஆறு காஜாவுக்கு முகம் கொடுக்க ஆள் இருக்காது.

பட்டன்கள் ஜோடி ஜோடியாக: நீல முகத்தில் ஒன்று, அதே இடத்தில் மஞ்சள் முகத்தில் ஒன்று, ஒரே நூல் இரண்டையும் துளைத்துப் போகவேண்டும். பட்டனுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு தீக்குச்சியைக் கொடுத்துத் தைத்துவிட்டு உருவுங்கள். அந்த இடைவெளியில் நூலைச் சுற்றி இறுக்கினால் பட்டனுக்குக் கழுத்து கிடைக்கும். கழுத்து இல்லாவிட்டால் இந்தக் கனத்தில் காஜா பூட்டாது.

ஜெர்கினைத் திருப்பிப் போட்டதும் தங்கை கண்ணாடி முன்னால் நின்று, "அக்கா, பட்டன் கை மாறிப்போச்சு" என்றாள். தப்பில்லை, அப்படித்தான் வரும். நீல முகத்தில் இடது பக்கம் மேலே ஏறி ஆம்பளைச் சட்டை மாதிரி பூட்டும். திருப்பினால் வலது பக்கம் மேலே ஏறிப் பெண்கள் சட்டை மாதிரி பூட்டும். எந்த முகம் உங்களுக்குப் பிரதானமோ அதற்கு ஏற்ற மாதிரி காஜா எந்தப் பக்கம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். காஜா வெட்டியபிறகு மாற்றமுடியாது.

அடையாளத்துக்குப் போட்ட வெள்ளை நூல்களைப் பிரித்தெடுங்கள். மிச்சத் துணியில் முழங்கைக்கு ஒட்டுப்போடுகிற அளவுக்கு இரண்டு துண்டு, அந்தந்த நிற நூல் கொஞ்சம், மிஞ்சிய இரண்டு பட்டன், இவற்றை ஒரு கவரில் போட்டு ஜெர்கினோடு கொடுத்து அனுப்புங்கள். உள்முகத்துப் பாக்கெட்டில் சில்லறை வைக்காதே என்றும் சொல்லி அனுப்புங்கள், திருப்பிப் போடும்போது கொட்டிவிடும்.